இரண்டரைக் கட்டையில் ஜாஸ்

நாயனக்காரனைக் கல்யாணத்துக்குப் பேச வருகிறவர்கள், "செட்டுக்கு எத்தனை பேரு, எவ்வளவு ஆகும்?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஜாஸ் வாசிக்கிற பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்டது சுருதியை. "இரண்டரைக் கட்டை" என்றேன். சென்னையிலிருந்து வந்திருந்த கீபோர்டுக்காரத் தம்பி மனசுக்குள் எண்ணிப் பார்த்து, "ஈ ஃபிளாட்" என்றான். பக்கத்தில் இருந்த சாக்ஸபோன் அண்ணாச்சிக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவர் பாளையங்கோட்டையில் பேண்ட் செட்டில் வாசிக்கிறவர். கோயில் அசனம், கல்யாண ஊர்வலம், துஷ்டி வீடு எல்லாம் பார்த்தவர். அவர் கையில் இருந்த ஆல்டோ சாக்ஸபோன் செய்யப்படுவதே அந்தச் சுருதிக்குத்தான். "அப்பம் எனக்குப் பாதிச் சோலி மிச்சம் தம்பி" என்றார்.

எங்கள் குழு சேர்ந்தது அப்படித்தான்: நாயனம், தவில், சாக்ஸபோன், கீபோர்டு, பேஸ் கிதார், டிரம்ஸ். ஜாஸையும் சோல் இசையையும் அவர்கள் கொண்டுவந்தார்கள். கோயில் முறையும் கொடையும் கல்யாண மேளமும் நாங்கள் கொண்டுபோனோம். எதைச் சேர்ப்பது என்று முடிவு செய்ய அதிக நேரம் ஆகவில்லை. எதை விடுவது என்பதில்தான் வேலை முழுவதும் இருந்தது. இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்த உண்மை இது ஒன்றுதான். கைப்பட்ட அளவில் அதை எழுதுகிறேன்.

முதலில் சுருதி. நாயனம் எப்போதும் இரண்டரைக் கட்டையில் இருந்ததில்லை. என் தாத்தா காலத்தில் திமிரிதான். குட்டைக் குழல், நாலு கட்டைக்கு மேலே நிற்கிற சுருதி, ரத வீதியின் அந்தக் கோடி வரைக்கும் எட்டுகிற சத்தம். திறந்த வெளியில் தேருக்கு முன்னால் ஊத அதுதான் சரி. நீளமான பாரி நாயனத்தை நிலைநிறுத்தியவர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956). நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியோடு கலந்து, சுத்த மத்தியமம் சரியாகப் பேசுகிற பாரியைச் செய்வித்தார். சுருதி இறங்கியது, நாதம் கனத்தது. நரசிங்கம்பேட்டையில் இன்றும் பழைய வீடுகளின் உத்திரத்திலிருந்தும் தூணிலிருந்தும் வருகிற ஆச்சா மரத்தைத்தான் தேடிக் கடைகிறார்கள். 2022-இல் அந்த நாயனத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பாரி வராமல் திமிரியே நீடித்திருந்தால், நாயனம் எந்த மேற்கத்திய வாத்தியத்தோடும் ஓர் அறைக்குள் உட்கார்ந்திருக்க முடியாது.

ராஜரத்தினம் பிள்ளையின் சீடர் காருகுறிச்சி அருணாசலம் (1921–1964) எங்கள் பக்கத்துக்காரர். சேரன்மகாதேவியைத் தாண்டி அம்பாசமுத்திரம் போகிற வழியில் இருக்கிறது காருகுறிச்சி. இந்தத் தாமிரபரணிப் பாசனத்தில் நாயனம் எடுத்த எவனும் அவர் பெயரைச் சொல்லாமல் குழலில் சீவாளி வைத்ததில்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

ஜாஸோடு சேரப் போகிறேன் என்றதும் எங்கள் மேளத்தில் சிலர் முகம் சுளித்தார்கள். அவர்களுக்கு நான் எட்டயபுரத்தைச் சொன்னேன். முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர், சென்னைக்கு அருகே மணலியில் குடும்பம் இருந்தபோது ஓர் ஐரோப்பியரிடம் பிடில் கற்றார். பின்னாளில் எட்டயபுரம் சமஸ்தான வித்வான் ஆனார். அண்ணன் தீட்சிதர் கம்பெனிப் படையின் பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்கிறோமே, அதுதான். அவர் 1835-இல் காலமானதும் எட்டயபுரத்தில்தான். ஆக, மேற்கத்திய இசையோடு நம் சங்கீதம் கைகுலுக்கிய கதையில் இரண்டு முக்கியமான ஆட்கள் பழைய திருநெல்வேலிச் சீமையில் வாழ்ந்திருக்கிறார்கள்.

இரண்டு பேரும் எதை விட்டார்கள் என்பதுதான் எனக்குப் பாடம். பிடிலை எடுத்தவர்கள் அதன் உருவத்தை மாற்றவில்லை. சுருதி கூட்டும் முறையை மாற்றினார்கள், தரையில் உட்கார்ந்து வாசித்தார்கள், பல குரல்களை அடுக்கும் ஐரோப்பிய வழக்கத்தை விட்டார்கள். கமகம் உள்ளே வந்தது. நோட்டுஸ்வரத்தில் நேர் எதிர்: மெட்டு அப்படியே இருக்கிறது, கமகம் விடப்பட்டது. இரண்டிலுமே ஒருவர் ஒன்றை விட்டுக்கொடுத்திருக்கிறார். இரண்டு பக்கமும் முழுசாக இருந்துகொண்டு சேர்ந்ததாக ஒரு கலப்பும் எனக்குத் தெரியாது.

எங்கள் முதல் உருப்படிக்கு நான் ஆபேரியைக் கேட்டேன். காரணம் இருந்தது. 'கொஞ்சும் சலங்கை' (1962) படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு காருகுறிச்சியின் நாயனம் போட்டியிடும் பாட்டு ஆபேரி. எங்கள் ஊர் டீக்கடையில் அதைக் கேட்காமல் வளர்ந்தவர் யாரும் இல்லை. ஆபேரியின் ஆரோகணத்தில் ஐந்தே சுரம்: ச க ம ப நி. கீபோர்டுத் தம்பி அதை வாசித்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது எங்க மைனர் பென்டடானிக். சோல் பாட்டு முக்கால்வாசியும் இதுலதான் நிக்குது" என்றான். அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயங்களிலிருந்தும் ப்ளூஸிலிருந்தும் வந்த பாட்டுக்கும் எங்கள் ஊர்ப் பாட்டுக்கும் ஏறுகிற படிகள் ஒன்றே. இறங்கும்போது நான் தைவதத்தையும் ரிஷபத்தையும் சேர்த்துக்கொண்டு இறங்குவேன். அவர்கள் விருப்பம்போல இறங்குவார்கள்.

படிகள் ஒன்றானாலும் நடை ஒன்றில்லை. ஆபேரியின் காந்தாரத்தை நான் மத்தியமத்திலிருந்து அசைத்துக் கீழே கொண்டுவருவேன். அது ஓர் இடத்தில் நிற்காது. கீபோர்டில் மைனர் கார்டு போட்டால் அதன் நடுச்சுரம் அதே காந்தாரம், அது அசையாது. நான் மேலே போகும்போது அது கீழே நிற்கும். இரண்டும் உரசும். கேட்கிறவர்களுக்கு நாயனக்காரன் சுருதி விலகியதுபோல இருக்கும். தப்பு ஒருவர் பேரிலும் இல்லை.

தீர்வு எளிமையானது, மனசுக்குத்தான் கடினம். கீபோர்டுக்காரர் காந்தாரத்தை விட்டுவிட வேண்டும். சட்ஜமும் பஞ்சமமும் மட்டும் பிடிக்கலாம். அல்லது ச ம நி என்று நாலாம் சுரமாகத் தாவி அடுக்கலாம். ஜான் கோல்ட்ரேனின் குழுவில் பியானோ வாசித்த மெக்காய் டைனர் 1960-களில் இப்படி நாலாம் சுர அடுக்குகளை நிறையப் பயன்படுத்தினார் என்று தம்பியே ரெக்கார்டு போட்டுக் காட்டினான். காந்தாரம் என் பொறுப்பு, அடித்தளம் அவன் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டோம். அன்றைக்குத்தான் ஆபேரி ஆபேரியாகக் கேட்டது. ப்ளூஸ் பாடுகிறவர்கள் இரண்டு காந்தாரங்களுக்கும் நடுவே ஒரு சுரத்தை இழைப்பார்கள். பியானோவில் அதற்குக் கட்டை கிடையாது. நாயனத்தில் உதட்டையும் மூச்சையும் இறுக்கியும் தளர்த்தியும், துளையைப் பாதி மூடியும் அந்த இடத்துக்குப் போய்விடலாம். அதனால் சோல் பாட்டில் பியானோவைவிட நாயனம் பாடகருக்குப் பக்கத்தில் நிற்கும்.

இன்னொரு வழி பேஸ் கிதாரில் கிடைத்தது. நான் அதே ச க ம ப நி, அதாவது சுத்த தன்யாசியின் ஐந்து சுரங்களை விட்டு நகர மாட்டேன். பேஸ்காரர் மட்டும் ஆதார சுரத்தை மாற்றுவார். அவர் காந்தாரத்தில் போய் நின்றால் என் சுரங்கள் மோகனமாகக் கேட்கும். மத்தியமத்தில் நின்றால் மத்தியமாவதி. நிஷாதத்தில் நின்றால் சுத்த சாவேரி. நம் வித்வான்கள் கிரகபேதம் என்று தனிக் கச்சேரியில் செய்து காட்டுவது இதைத்தான். ஜாஸ் பிள்ளைகளுக்கு இது அன்றாடக் காரியம். என் குழலிலிருந்து ஒரு சுரம்கூட மாறாமல் நாலு ராகம் வந்து போனதைக் கேட்டு எங்கள் தவில் அண்ணன் வாசிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

முடியாததும் உண்டு. 1959-இல் மைல்ஸ் டேவிஸ் பதிவு செய்த 'சோ வாட்' என்ற உருப்படியை வீட்டில் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். திண்ணையில் இருந்த அப்பா காதைத் தீட்டினார். "ஏல, இவம் கரகரப்பிரியால்லா வாசிக்கான்? பொறவு ஏன் நடுவுல சுதிய ஏத்துதான்?" அப்பா கேட்டது சரியாக அந்த உருப்படியின் கட்டுமானம். முதல் பதினாறு பார் (ஒரு பாருக்கு நாலு அடி) இரண்டு கட்டையில், அடுத்த எட்டு பார் அரைக் கட்டை ஏறி இரண்டரையில், கடைசி எட்டு மறுபடியும் இரண்டில். ஆதி தாளக் கணக்கில் எட்டு ஆவர்த்தனம், நாலு, நாலு. டோரியன் என்று அவர்கள் சொல்வது சுர வரிசையில் நம் கரகரப்பிரியாதான்.

அதை எங்கள் சுருதிக்கு ஏற்றி, இரண்டரையும் மூன்றுமாக வாசித்தோம். ஆனால் நாயனம் அரைக் கட்டை ஏறாது. ஏற்றினால் எல்லாச் சுரத்தையும் பாதி மூடிய துளையில் பிடிக்க வேண்டும், கமகம் செத்துப்போகும். ஆகவே அந்த நாலு ஆவர்த்தனம் நான் வாசிப்பதில்லை. சாக்ஸபோன் அண்ணாச்சி எடுத்துக்கொள்வார். சுருதி திரும்ப இறங்குகிற இடத்தில் நான் மத்தியமத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே வருவேன். கைதட்டல் அங்கேதான் விழும்.

தாளத்தில் சண்டை குறைவு, நெரிசல் அதிகம். ஜாஸில் ஸ்விங் என்கிற நடையை டிரம்ஸ் தம்பி எங்கள் தவில் அண்ணனுக்குப் பேப்பரில் எழுதிக் காட்டினான். அவர் அதைப் பார்க்கவேயில்லை. காதால் கேட்டுவிட்டு, "தகிட சொல்லி நடு எழுத்த முழுங்கிரு, அம்புட்டுதான். இது திஸ்ரம்" என்றார். தனி ஆவர்த்தனத்தில் குறைப்பு என்று எட்டு, நாலு, இரண்டு, ஒன்று எனப் பங்கிட்டு வாசிப்போமே, அதுபோல ஜாஸிலும் நாலு நாலு பாராக மாற்றி மாற்றி வாசிக்கிற வழக்கம் இருக்கிறது. அந்த இடத்தில் இருவருக்கும் மொழியே தேவைப்படவில்லை.

சோல் பாட்டில்தான் இடைஞ்சல். அதன் உயிர் இரண்டாவது, நாலாவது அடியில் விழும் ஸ்னேர் டிரம்மில் இருக்கிறது. தவிலின் வலந்தலை, விரலில் கூடு மாட்டி அடிக்கும்போது, அதே ஒலி உயரத்தில் வெடிக்கும். இரண்டும் சேர்ந்தால் பாட்டு நொறுங்கிவிடும். சரணம் பாடும்போது தவில் தொப்பியில் மட்டும் பேசுவது, ஸ்னேர் அடிக்கும் அடியில் வலந்தலை வாய் திறப்பதில்லை என்று முடிவு செய்தோம். ஜால்ரா, டிரம்ஸில் இருக்கும் ஹை-ஹாட்டோடு மோதியது. தாளம் போடுகிற தம்பியை வீட்டுக்கு அனுப்ப எனக்கு மனசில்லை. ஆவர்த்தனம் சுற்றி வருவதை எல்லோருக்கும் கையால் காட்டுகிற பொறுப்பை அவனுக்குக் கொடுத்தோம். இப்போது டிரம்ஸ்காரர் அவனைப் பார்த்துத்தான் தீர்மானத்தை இறக்குகிறார்.

சத்தம், மைக், குளிர்சாதனம் மூன்றும் தனிப் பாடம். நாயனத்தின் நாதம் அணைசிலிருந்து மட்டும் வருவதில்லை; திறந்திருக்கும் துளைகளிலிருந்தும் வருகிறது. மைக்கை அணைசுக்கு நேராக வைத்தால் கீழ்ச்சுரங்கள் அலறும், மேற்சுரங்கள் மெலியும். கொஞ்சம் தள்ளி, குழலின் நடுப்பகுதியைப் பார்க்க வைத்தால் எல்லாச் சுரமும் ஒரே அளவில் விழும். ஸ்டுடியோவில் என்னைத் தனி அறையில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார வைப்பார்கள். அங்கே குளிர்க்காற்றில் சீவாளி காய்ந்துபோகும். காவிரிக்கரைக் கொறுக்கந்தட்டையில் செய்த சீவாளிக்கு ஈரம் வேண்டும், வாயின் சூடு வேண்டும். ஒரு பாட்டு முடிந்து அடுத்ததுக்கு அவர்கள் கம்ப்யூட்டரில் தேடிக்கொண்டிருக்கும்போது நான் சீவாளியை வாயிலேயே வைத்திருப்பேன். பேசாமல் உட்கார்ந்திருக்கிறார், கோபமோ என்று நினைப்பார்கள்.

எதை விடுவது என்று நான் அதிகம் கற்றது ஜப்பானியர்களின் ரெக்கார்டுகளிலிருந்து. தோஷிகோ அகியோஷி என்ற பியானோ கலைஞர் 1929-இல் மஞ்சூரியாவில் ஒரு ஜப்பானியக் குடும்பத்தில் பிறந்து, அமெரிக்கா போய் ஜாஸில் பெயர் பெற்றவர். லாஸ் ஏஞ்சலஸில் பெரிய ஜாஸ் குழு ஒன்றை அமைத்து, 1974-இல் 'கோகுன்' என்ற ஆல்பத்தைக் கொண்டுவந்தார். இரண்டாம் உலகப் போர் முடிந்ததை நம்பாமல் பிலிப்பைன்ஸ் காட்டுக்குள் அந்த ஆண்டு வரை ஒளிந்திருந்த ஜப்பானிய வீரரின் கதை அதற்குத் தூண்டுதல். அதில் நோ நாடகத்தின் சுசுமி முழவை, டிரம்பெட்டும் டிராம்போனும் முழங்கும் குழுவோடு சேர்த்தார்.

அவரை முன்பு மணந்திருந்தவர் பாஸ்டன் நகரத்து ஆல்டோ சாக்ஸபோன் கலைஞர் சார்லி மரியானோ (1923–2009). அவர் 1960-களில் மலேசிய வானொலியில் இசைப் பணிக்குப் போன இடத்தில் நாயனத்தைக் கேட்டு மயங்கி, பின்பு தென்னிந்தியாவுக்கே வந்து பயின்று, தன் ரெக்கார்டுகளில் நாயனம் வாசித்தார். பெங்களூரின் கர்நாடக தாளவாத்தியக் கல்லூரிக் குழுவோடும், பாடகி ஆர்.ஏ. ரமாமணியோடும் சேர்ந்து 1983-இல் 'ஜோதி' என்ற ஆல்பம் தந்தார். தோஷிகோவுக்கும் மரியானோவுக்கும் பிறந்த மகள் மண்டே மிச்சிரு ஜாஸும் சோலும் கலந்து பாடுகிறவர். ஒரே குடும்பத்தில் சுசுமியும் நாயனமும் ஜாஸும் சோலும் வந்து சேர்ந்திருக்கின்றன. இதை முதலில் கேட்டபோது அப்பா நம்பவில்லை. மரியானோவின் வாசிப்பைப் போட்டுக் காட்டினேன். முழுக்கக் கேட்டார். "சீவாளி புடிச்சிருக்கான். ராகம் அவம் ஊரு ராகம். ஆனா மூச்சு இருக்கு" என்றார். அப்பாவிடம் அதற்கு மேல் மார்க்கு வாங்கியவர்கள் குறைவு.

சுசுமி உடுக்கைக்குச் சொந்தக்கார வாத்தியம். இரண்டுக்கும் இடை சிறுத்த உடல். இரண்டிலும் கயிற்றை இறுக்கியும் தளர்த்தியும் சுரத்தை ஏற்றி இறக்கலாம். எங்கள் பக்கத்தில் கொடைக்குக் கொடை வில்லுப்பாட்டில் உடுக்கை பேசுகிறது. வில்லுப்பாட்டில் உடுக்கை வாசிக்கும் நண்பரை அழைத்துவந்து குழுவில் உட்கார வைத்தோம். டிரம்ஸும் தவிலும் இருக்கும் இடத்தில் உடுக்கை காணாமல் போனது. 'கோகுன்' கேட்ட பிறகு, பேஸ் கிதார் மட்டும் ஒலிக்கும் இடத்தில் உடுக்கையைத் தனியாக விட்டோம். அந்தச் சின்ன வாத்தியம் அரங்கை நிறைத்தது.

ஷகுஹாச்சி என்கிற மூங்கில் குழலும் அப்படியே. சுமார் 55 சென்டிமீட்டர் நீளம், ஐந்து துளை, இரண்டு கட்டை சுருதி. தலையைத் தாழ்த்தி, நிமிர்த்திச் சுரத்தை வளைப்பார்கள். ஹோசான் யமமோட்டோ 1970-இல் பியானோ கலைஞர் மசபுமி கிகுச்சியோடு வெளியிட்ட 'கின்காய்' ஆல்பத்தில் ஒரு சுரம் ஊதி, அது அடங்கும் வரை காத்திருக்கிறார். நாயனக்காரனுக்கு இது பழக்கமில்லாத பண்பு. ஒத்து ஊதுகிறவர் மூச்சு விடாமல் ஊத, மேளம் ஓயாமல் ஒலிக்க வளர்ந்தவர்கள் நாங்கள். யமமோட்டோவைக் கேட்டுவிட்டு நான் கர்நாடக சுத்த சாவேரியை எடுத்தேன். ச ரி ம ப த என்ற அதன் ஐந்து சுரமும் ஜப்பானியக் கோட்டோ இசையில் புழங்கும் ஒரு சுர வரிசையும் ஒன்றே. தவில் இல்லை, டிரம்ஸ் இல்லை, பேஸில் ஒரே சுரம். எங்கள் நிகழ்ச்சிகளில் ஜனங்கள் திரும்பக் கேட்கும் உருப்படி அது.

இவ்வளவும் பேசிவிட்டு ஒரு குறையைச் சொல்லாமல் முடித்தால் நேர்மையாகாது. இந்த மாதிரி நிகழ்ச்சிகளுக்குக் கூப்பிடுகிறவர்கள் பலர் நாயனத்தை வாசல் தோரணமாக நினைக்கிறார்கள். ஆரம்பத்தில் ஒரு நிமிடம் மல்லாரி, பிறகு ஓரமாக உட்காருங்கள் என்பார்கள். ஒரு நகரத்து நிகழ்ச்சியில் போஸ்டரில் என் குழலின் படம் பெரிதாக இருந்தது, என் பெயரும் தவில் அண்ணன் பெயரும் இல்லை. கிதார்காரருக்கு முன்பணம், எங்களுக்கு 'பிறகு பார்ப்போம்'. மேடையில் எங்களுக்கு மானிட்டர் வைக்காமல் விட்டு, அப்புறம் சுருதி சேரவில்லை என்பார்கள். தன் காதுக்குத் தன் வாத்தியமே கேட்காத இடத்தில் யார் வாசித்தாலும் சேராது.

நெல்லையில் மாவட்ட அரசு இசைப் பள்ளியிலும், இன்னும் சில வீட்டுத் திண்ணைகளிலும் நாயனம் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. ஜாஸுக்குப் போங்கள், சோலுக்குப் போங்கள், தடுக்க மாட்டேன். போவதற்கு முன் ஒரு ராகத்தையாவது கோயில் பிராகாரத்தில் நின்று அது தீரும் வரை ஊதிப் பாருங்கள். கையில் நிறைய இருந்தால்தான் விட்டுக்கொடுக்க முடியும். ஒன்றுமில்லாதவன் எதை விடுவான்?

நிகழ்ச்சி கேட்க வருகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை நாயனம், தவில் படம் போட்ட கலப்பு இசை போஸ்டரைப் பார்த்தால், வாசிக்கிறவர்கள் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் டிக்கெட் வாங்கும் இடத்தில் கேளுங்கள். நாங்கள் கேட்டால் வராத பதில், காசு கொடுக்கிற நீங்கள் கேட்டால் வரும்.